நாலு ஹெக்டேயர் கணக்கு: புத்தளம் களப்பின் அண்மைக்கால வரலாறு

இப்னு பதூதா புத்தளத்தில் வந்திறங்கியது 1344 இல். எமது மாவட்டத்தில் மீலாத் விழாவென்றாலும் பாடசாலைப் பரிசளிப்பு விழாவென்றாலும் இந்த ஆண்டைச் சொல்லாமல் ஒரு பேச்சாளர் மேடையை விட்டு இறங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றது, வெள்ளம் அடித்து வந்த கறுவாக் கட்டைகள் கரையில் குவிந்து கிடந்தது, மன்னரின் முத்துக்கள், பாவா ஆதம் மலைக்குப் போக அவர் கேட்ட உதவி எல்லாம் ஒழுங்காக வரும். யானைக் கதை மட்டும் வராது.

அந்தக் கதையையும் அவர்தான் எழுதி வைத்தார். மலைக்குப் போகும் வழியில் யானைகள் ஏராளம், ஆனால் யாத்திரிகர்களை அவை ஒன்றும் செய்வதில்லை என்று சொல்லி, அதற்குக் காரணமாக ஷீராஸ் நகரத்து ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கபீபின் சம்பவத்தைக் கூறுகிறார். ஷெய்குவுடன் வந்த முப்பது பக்கீர்மார் வழி தவறிப் பசியில் வாடுகிறார்கள். ஒரு யானைக்குட்டியைப் பிடித்துத் தின்ன அனுமதி கேட்கிறார்கள். ஷெய்கு மறுக்கிறார். அவர்கள் கேட்கவில்லை, பிடித்து அறுத்துத் தின்கிறார்கள். ஷெய்கு அதில் கை வைக்கவில்லை. இரவில் யானைகள் கூட்டமாக வந்து ஒவ்வொருவராக மோந்து பார்த்துக் கொன்றுவிட்டு, ஷெய்குவை மட்டும் விட்டுவிடுகின்றன. ஒரு யானை அவரைத் துதிக்கையால் தூக்கி முதுகில் வைத்து, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது.

982 இல் வபாத்தான இப்னு கபீப் உண்மையிலேயே இலங்கைக்கு வந்தாரா என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தக் கதையில் பிடிபடுவது வேறொன்று. பக்கீர்மாருக்குப் பசித்தது உண்மை. காட்டில் யானைகள் நிறைய இருந்ததும் உண்மை. இத்தனை யானையில் ஒரு குட்டி போனால் என்ன என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்வது கஷ்டம். புத்தளம் களப்புக்குக் கடந்த நாற்பது வருடங்களில் நடந்ததும் இந்த மாதிரியான கேள்விகளால்தான். அதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

களப்பின் பரப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர். வடக்கே ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கேயக் குடா என்று விரிந்து கடலோடு சேர்கிறது. மேற்கே கற்பிட்டித் தீபகற்பம் அதைக் கடலிலிருந்து பிரித்து நிற்கிறது. கிழக்கேயிருந்து கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீர் கொண்டுவருகின்றன. உப்பும் நன்னீரும் கலக்கும் இந்த இடத்தில் கண்டலும் கண்ணாவும் நெருக்கமாக வளர்ந்திருந்தன. தண்ணீருக்கடியில் சாதாழைப் படுக்கைகள். சாதாழை இருந்ததால் கடற்பன்றி இருந்தது. இன்று அதைக் கண்ணால் கண்டவர்கள் ஊரில் வயதானவர்கள்தான். கண்டற் பட்டையை அவித்துத்தான் அந்தக் காலத்தில் பருத்தி வலைக்குச் சாயமேற்றினார்கள். விறகும் கம்பும் அதிலிருந்து வந்தன. வெட்டினார்கள்தான், ஆனால் ஒரு மரத்தில் நாலு கிளை என்ற கணக்கில்.

எனக்குத் தெரிந்த ஒரு முதிய மீனவர் நானாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "சேர், கண்டல் ஈந்த நேரம் இறால் சும்மா ஈந்திச்சு. வலைய வெச்சா வரும். நாங்க கண்டல வெட்டிட்டு இறாலுக்குக் காசு குடுத்துத் தீன் போட்டோம்" என்றார். பல்கலைக்கழக ஆய்வறிக்கைகள் பல பக்கங்களில் சொல்வதும் இதுதான். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் கண்டல் வேர்களுக்கிடையில்தான் ஒளிந்து வளர்கின்றன. களப்பு மீன்பிடியின் தொட்டில் அது.

இறால் பண்ணைகள் எங்கள் பக்கம் வந்தது 1980களில். சிலாபத்திலிருந்து முந்தல் வழியாகப் புத்தளம் வரை, ஒல்லாந்தர் வாய்க்காலின் இரு பக்கமும் குளம் குளமாக வெட்டினார்கள். சரக்குப் படகு போக ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால் இறாலுக்குத் தண்ணீர் கொடுக்கும் வாய்க்காலாக மாறியது. ஏற்றுமதியில் நல்ல விலை. டொலர். தென்னந்தோட்டக்காரரும் தனவந்தரும் மட்டுமல்ல, ஆசிரியர்களும் கடைக்காரர்களும் பங்கு சேர்ந்தார்கள். மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னை மறைப்பது சரியல்ல. எனது மாமா ஒருவரும் மூன்று குளம் வெட்டினார். எனது சாதாரண தர டியூஷன் காசு அந்த இறாலில்தான் வந்தது. வெட்டும் முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. சேற்று நிலம், ஒன்றுக்கும் உதவாது என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். காணிப் பத்திரத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, பெரிய அபிவிருத்தித் திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது. எவை பெரிய திட்டங்கள் என்று 1993 ஜூன் 24 இன் வர்த்தமானி பட்டியலிட்டது. ஒரு ஹெக்டேயருக்கு மேல் காடழிப்பு அந்தப் பட்டியலில் உண்டு. நாலு ஹெக்டேயருக்கு மேற்பட்ட நீருயிரின வளர்ப்பும் உண்டு. பட்டியலில் வரும் திட்டத்துக்கு முழு மதிப்பீட்டு அறிக்கை தயாரானால் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட வேண்டும், முப்பது நாட்களுக்குள் எவரும் கருத்து எழுதலாம். மீனவரும் எழுதலாம், மத்ரஸா மாணவரும் எழுதலாம். இந்த நாட்டில் ஒரு சாதாரண ஆளுக்குக் கிடைத்த நல்ல உரிமைகளில் ஒன்று இது.

நாலு ஹெக்டேயர் என்பது பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் போனால் கேள்வி வரும், கீழே நின்றால் வராது என்பதை இறால்காரர்கள் வக்கீலிடம் போகாமலே படித்துக்கொண்டார்கள். ஒன்பது ஏக்கர் ஒருவர் பெயரில், பக்கத்து ஒன்பது ஏக்கர் மச்சான் பெயரில். இப்படி நூற்றுக்கணக்கான சிறு பண்ணைகள். அனுமதியே எடுக்காதவை அதற்கு மேலாக. தனித்தனியே பார்த்தால் எதுவும் களப்பை அழிக்கும் அளவுக்குப் பெரிதல்ல. எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்க்கும் கடமை மட்டும் எந்த மேசைக்கும் இருக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், வடமேல் மாகாணத்துக்கு 1990 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச்சட்டம் என்று தனியான ஒன்று இருக்கிறது. மாகாணத்துக்கென்று சொந்தமாகச் சுற்றாடல் அதிகாரசபை வைத்திருக்கும் மாகாணம் எங்களுடையது. கொழும்பு தூரம் என்று சாட்டுச் சொல்லக்கூட எங்களுக்கு முழு வழியில்லை.

பிறகு நடந்தது வாசகர்களுக்குத் தெரியும். ஒருவர் தன் குளத்து அழுக்குத் தண்ணீரை வாய்க்காலில் விடுவார், அடுத்தவர் அதே வாய்க்காலிலிருந்து தன் குளத்துக்குத் தண்ணீர் இறைப்பார். 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அந்தப் பொது வாய்க்காலே நோயைப் பண்ணைக்குப் பண்ணை கொண்டுபோனது. சில நாட்களில் குளம் முழுக்க இறால் செத்து மிதந்தது. மாமா இரண்டு முறை மீண்டும் குஞ்சு விட்டுப் பார்த்தார். வங்கிக் கடன்தான் வளர்ந்தது. கண்டலும் போய் இறாலும் போய், உப்பேறிய குழிகள் மிஞ்சின. அவற்றில் நெல்லும் வராது, தென்னையும் வராது. நாம் அழித்தது ஏதோ பறவைக்கும் மீனுக்கும் உரியது என்று நினைத்திருந்தோம். பண்ணைக்குச் சுத்தமான தண்ணீர் தந்து கொண்டிருந்ததும் அந்தக் கண்டல்தான் என்பது செத்த இறாலைப் புதைத்த பிறகுதான் விளங்கியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1998 இல் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை பின்னர் பண்ணையாளர் சங்கங்களோடு சேர்ந்து பிரதேசத்தை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று நாட்காட்டி போட்டது. ஒரே வாய்க்காலை ஒரே நேரத்தில் எல்லோரும் பாவிக்காமல் முறை வைத்துப் பாவிக்கும் ஏற்பாடு. கூடிப் பேசித் திட்டமிட்டால் களப்பு கொஞ்சம் மூச்சுவிடும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே அது சாட்சி. ஆனால் கண்டல் அழிந்து பல வருடம் கழித்து வந்த ஏற்பாடு.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் பத்து வயதுப் பிள்ளை. மன்னாரிலிருந்து படகுகளில் வந்த சனம் கற்பிட்டிக் கரையில் இறங்கியதைக் கண்டேன். எங்கள் பாடசாலை முகாமானது. வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய எழுபத்தையாயிரம் பேரில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் யாரும் களப்பைப் பற்றி யோசிக்கவில்லை, யோசிக்கவும் முடியாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஓலைக் கொட்டில்கள் இருபது வருடம் நிலைத்த பிறகும் தண்ணீருக்கும் கழிவுக்கும் விறகுக்கும் ஒரு நீண்டகாலத் திட்டம் வரவில்லை. கற்பிட்டியில் நன்னீர் என்பது மணலுக்கடியில் உப்புநீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய படை. அதில்தான் குடிப்பும் குளிப்பும், அதில்தான் வெங்காயத் தோட்டமும். தோட்டத்துப் பசளையும் அதே தண்ணீருக்குள்தான் இறங்கியது.

அந்தச் சனம் திரும்பிப் போனபோது எழுந்ததுதான் வில்பத்துப் பிரச்சினை. இதைப் பற்றி எழுதினால் இரண்டு பக்கத்திலும் அடி விழும் என்று தெரியும். 1905 இல் சரணாலயமாகவும் 1938 இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது வில்பத்து. மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி முதலான ஊர்கள் பூங்காவுக்குள் இல்லை. அதற்கு வடக்கே இருக்கின்றன. ஆட்கள் இல்லாத இருபது வருடத்தில் வளவுகளையும் வயல்களையும் காடு மூடியது. யுத்தம் முடிந்து மக்கள் திரும்பத் தொடங்கிய காலத்தில், 2012 ஒக்டோபரில், அந்தப் பிரதேசத்தை ஒதுக்கக் காடாக்கி வர்த்தமானி வந்தது. 2017 மார்ச்சில் சுற்றியுள்ள காடுகளையும் சேர்த்து 40,000 ஹெக்டேயருக்கு மேல் மாவில்லுப் பேணற் காடு பிரகடனமானது. தங்கள் ஊருக்கு வந்து எல்லை பார்க்காமல் வரைபடத்தில் கோடு போட்டார்கள் என்பது அந்த மக்களின் முறைப்பாடு. உறுதிப் பத்திரத்தைப் பொத்திக்கொண்டு இருபது வருடம் முகாமில் இருந்தவருக்கு, உன் காணி இப்போது காடு என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அதே நேரம், கல்லாறு காட்டில் மீள்குடியேற்றத்துக்காக நடந்த துப்புரவு சட்டவிரோதமானது என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் அமைச்சர் ஒருவர் தன் செலவில் மரம் நட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. அந்தத் தீர்ப்பை எங்களில் பலர் இனவாதத்தின் வெற்றி என்றே பேசினோம். வில்பத்துவை வைத்து எங்களுக்கெதிராக எவ்வளவு வெறுப்பு விதைக்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் யார் சொன்னார்கள் என்பதற்காகச் சொன்ன விடயம் பொய்யாகிவிடாது. காடும் போனது, சனத்தின் பெயரும் கெட்டது. பூர்வீகக் காணி எது, புதிதாக வெட்டிய காடு எது என்பதை ஊர் ஊராகப் போய்ப் பகிரங்கமாக அளந்து காட்டியிருந்தால், மரிச்சுக்கட்டி மனிதரின் நியாயம் மற்றவரின் காட்டோடு சேர்ந்து வழக்கில் விழுந்திருக்காது என்பது எனது எண்ணம்.

அருவக்காலுக் கதை வேறு விதம். 2017 ஏப்ரல் 14 இல் மீதொட்டமுல்லக் குப்பை மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, கொழும்புக் குப்பையைப் புத்தளத்துக்குக் கொண்டுவரும் திட்டம் வேகமெடுத்தது. சீமெந்துக்குச் சுண்ணக்கல் தோண்டிய குழிகளில், வில்பத்துவுக்கும் களப்புக்கும் அருகில். நாங்கள் வீதிக்கு இறங்கினோம். பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் விகாரையும் ஒன்றாக நின்ற அபூர்வமான நாட்கள் அவை. நானும் வெயிலில் உட்கார்ந்தேன். எனினும் 2018 இல் கூடாரம் போட்டபோது திட்டத்தின் ஆவணங்கள் எல்லாம் முடிந்து நிலத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. 2019 ஓகஸ்டில் லொறிகளில் குப்பை வந்தது. மதிப்பீட்டு அறிக்கைக்குக் கருத்து எழுதியவர்கள் எங்கள் கூட்டத்தில் எத்தனை பேர் என்று ஒருநாள் கேட்டேன். ஒருவர் கை தூக்கினார். மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனது கையும் கீழேதான் இருந்தது.

நாலு ஹெக்டேயருக்குக் கீழே உள்ளவற்றுக்கு என்ன வழி? நீதிமன்றங்கள் சொன்னவற்றில் இரண்டு எங்களுக்கு உதவும். ஹோமாகம பிரதேச சபை தொடர்பான 1998 ஆம் ஆண்டு வழக்கில், ஓர் எரிபொருள் நிரப்பு நிலையத்துக்கு அனுமதி கொடுக்கும் விடயத்தில் அயலவர்களுக்கு அறிவித்து அவர்களது கருத்தைக் கேட்பதன் தேவையை மேன்முறையீட்டு நீதிமன்றம் வலியுறுத்தியது. ஒரு பெற்றோல் செட்டுக்கே அப்படியென்றால், கண்டலை நிரப்பிக் கட்டும் ஹோட்டலுக்குச் சொல்லத் தேவையில்லை. 2000 இல் எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் உயர் நீதிமன்றம் இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கிறது என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தது. மஹிந்த தேரர் தேவநம்பியதீசனிடம் நீ நிலத்தின் காவலன்தான், சொந்தக்காரன் அல்ல என்று கூறியதாக வரும் வரலாற்றையும் அது எடுத்துக்காட்டியது. இதற்கு முன் 1997 இல் எங்கள் நாட்டு நீதியரசர் வீரமந்திரி, ஹங்கேரி – ஸ்லோவாக்கிய அணைக்கட்டு வழக்கில் சர்வதேச நீதிமன்றத்தில் எழுதிய தனி அபிப்பிராயத்தில் எமது குளங்களைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதினார். இஸ்லாமியச் சட்டத்தில் நிலம் அல்லாஹ்வுக்குரியது, மனிதன் கையில் அது அமானிதம் மட்டுமே என்பதையும் அதே இடத்தில் குறிப்பிட்டார். ஹேக் நகரத்தில் சொல்லப்பட்டதை எங்கள் ஜும்ஆப் பிரசங்கங்களில் இன்னும் நான் கேட்கவில்லை.

மரம் நடுவது பற்றியும் ஒரு வார்த்தை. சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் கண்டல் நட்டார்கள். பெனர் பிடித்துப் படமெடுத்தார்கள், எங்கள் பிள்ளைகளும் நட்டார்கள். பெரும்பாலானவை பிழைக்கவில்லை. எந்த இடத்தில் எந்த மரம், அங்கே வற்றும் பெருக்கும் எவ்வளவு என்று பார்க்காமல் நட்டதன் பலன். இப்போது ஆனவிழுந்தாவப் பக்கம் கைவிட்ட இறால் குளங்களில் வேறு முறையைக் கையாள்கிறார்கள். முதலில் தண்ணீர் ஓடும் வழியைத் திறந்துவிடுவது, பிறகு விதை தானாக வருவதற்குக் காத்திருப்பது.

போன பெருநாள் விடுமுறையில் அந்த மீனவர் நானாவோடு மாமாவின் பழைய குளங்களைப் பார்க்கப் போனேன். மூன்றில் ஒன்றின் அணை எப்போதோ உடைந்திருந்தது. உள்ளே முழங்கால் உயரத்தில் கண்ணாக் கன்றுகள், எண்ணவில்லை, நூறுக்கு மேல் இருக்கும். ஓரத்தில் கொக்கு நின்றது. யார் நட்டது என்று கேட்டேன். "ஒத்தரும் நடல்ல சேர். அண ஒடஞ்சிச்சு, தண்ணி வந்து போவுது. அவ்வளவுதான்" என்றார். கொஞ்சநேரம் கழித்து அவரே சொன்னார்: "இந்தப் பக்கத்தக் கேட்டு ஒரு ஆள் எழுதிப் போட்டீக்காராம். வனாமி எறால் விடப் போறாங்களாம்."

எத்தனை ஏக்கர் என்று கேட்டேன்.

"ஒம்பதர" என்றார்.